எண்ணெயை எடுத்த பிறகு

"மருந்து அதேதான், பக்க விளைவு மட்டும் கம்மி." கீமோ மருந்து ஒன்று புது வடிவில் சந்தைக்கு வரும்போதெல்லாம் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. விற்பனைப் பிரதிநிதி சொல்வார், டாக்டர் சொல்வார், கடைசியில் நோயாளியின் மகனும் அதையே திருப்பிச் சொல்வார். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் இடிக்கிறது. மருந்து அதேதான் என்றால், குறைந்த பக்க விளைவு யாருடையது? அது மருந்துடையது இல்லை என்றால், இத்தனை வருடம் நோயாளிகள் பட்ட பாடு எதனால்? மருந்துக்கே உரிய விளைவுகள் என்ன ஆயின, அவையும் குறைந்தனவா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் விளம்பரத் தாளில் கிடைக்காது. புது வடிவம் முதன்முதலாக மனிதர்களுக்குள் போன அந்தச் சிறிய சோதனையில்தான் தேட வேண்டும். பத்து இருபது பேர் பங்கேற்ற, பெரும்பாலானோர் படிக்காமலே தாண்டிப்போகும் முதல் கட்டச் சோதனை அது. இந்த வகையில் நன்றாகப் பதிவாகியிருப்பது பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தின் கதை.

பாக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம்கூடக் கரையாத பொருளை எப்படி நரம்பில் ஏற்றுவது? பழைய வடிவம் கண்ட வழி கிரெமோஃபோர். நம் ஊர் ஆமணக்கு எண்ணெயை எத்திலீன் ஆக்சைடுடன் வினைபுரியவைத்துச் செய்யும் பிசுக்கான கரைப்பான். அதில் பாதிக்குப் பாதி சாராயம் கலந்து, ஒரு மில்லிலிட்டருக்கு 6 மி.கி. மருந்து என்று குப்பியில் அடைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு, சதுர மீட்டருக்கு 175 மி.கி. என்ற வழக்கமான அளவில் 280 மி.கி. மருந்து வேண்டும். அதற்கு 46.7 மில்லி கரைசல் எடுக்க வேண்டும். ஒரு மில்லியில் 527 மி.கி. கிரெமோஃபோர் இருப்பதால், நோயாளிக்குள் போவது ஏறத்தாழ 25 கிராம் கரைப்பான், கூடவே 23 மில்லி சாராயம். மருந்து கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதைச் சுமந்து போகும் வண்டி அதைப்போல் எண்பது தொண்ணூறு மடங்கு எடை. இவ்வளவு பெரிய வண்டியை "செயலற்ற பொருள்" என்று லேபிளில் எழுதுவது மரபு. உடம்பு லேபிளைப் படிப்பதில்லை.

வண்டி செய்த வேலைகள்

1984இல் இந்தப் பழைய வடிவமான டாக்சாலின் முதல் கட்டச் சோதனைகள் அமெரிக்காவில் தொடங்கியபோதே பிரச்சினை வெடித்தது. ஏற்றிய சில நிமிடங்களில் முகம் சிவந்து, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரிந்தது. பின்னாளில் தொகுத்துப் பார்த்ததில் 301 நோயாளிகளில் 32 பேருக்குக் கடும் ஒவ்வாமை உறுதியாகவோ சந்தேகமாகவோ பதிவாகியிருந்தது. ஒருவர் இறந்தார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது வந்தது முதல் அல்லது இரண்டாவது தடவையிலேயே. கிரெமோஃபோரை நாய்களுக்குச் செலுத்தினால் ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமின் கொட்டும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். சந்தேகம் கரைப்பான் மேல் விழுந்தது. ஆனால் மாற்றுக் கரைப்பான் கைவசம் இல்லை. அதனால் மருந்தைச் சுற்றி வேலி போட்டார்கள். 24 மணி நேரம் மெதுவாக ஏற்றுவது, முன்கூட்டியே ஸ்டீராய்டும் ஒவ்வாமை மாத்திரைகளும் கொடுப்பது. 1992 டிசம்பரில் டாக்சால் அனுமதி பெற்றபோது வேலியும் சேர்ந்தே அனுமதி பெற்றது.

அந்த வேலி சாதாரணமானதல்ல. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 20 மி.கி. 12 மணி நேரம் முன்பு ஒரு தடவை, 6 மணி நேரம் முன்பு இன்னொரு தடவை. காலை 10 மணிக்கு டிரிப் என்றால் முந்தின இரவு 10 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் மாத்திரை. நாலு மணி மாத்திரையைத் தூக்கத்தில் விட்டுவிட்டு வருவது எந்தக் கீமோ வார்டிலும் நடக்கக்கூடிய தவறு. விட்டதைச் சொன்னால் பரவாயில்லை, டிரிப் தள்ளிப்போகுமே என்று பயந்து சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. சர்க்கரை நோயாளிக்கு இவ்வளவு ஸ்டீராய்டு போனால் இரண்டு நாளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. இது போக, கிரெமோஃபோர் சாதாரண பி.வி.சி. பையிலும் குழாயிலும் இருக்கும் பிளாஸ்டிக் மென்மையாக்கியைக் கரைத்து உள்ளே இழுத்துவிடும். அதனால் பி.வி.சி. இல்லாத பை, தனிக் குழாய், வழியில் 0.22 மைக்ரான் வடிகட்டி. எல்லாம் வண்டிக்குச் செய்யும் மரியாதை.

அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. கிரெமோஃபோர் ரத்தத்தில் சோப்புக் குமிழி போன்ற நுண்துளிகளாகி மருந்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. 3 மணி நேர டிரிப்பில் அளவைச் சதுர மீட்டருக்கு 135 மி.கி.யிலிருந்து 175க்கு, அதாவது 30 சதவீதம் ஏற்றினால், ரத்தம் சந்திக்கும் மொத்த மருந்தளவு 80 சதவீதத்துக்கும் மேல் எகிறுகிறது. ஆய்வகக் காகிதத்தில் அளவு கூடியதாகத் தெரியும், அதில் எவ்வளவு குமிழிக்குள் சிறைப்பட்டது, எவ்வளவு கட்டியை எட்டியது என்பது தெரியாது. பத்து வருடத்துக்கும் மேல் உலகம் டாக்சாலின் நச்சு என்று அட்டவணை போட்டதெல்லாம் மருந்தும் வண்டியும் சேர்ந்து செய்தவற்றின் கூட்டுத்தொகை.

பத்தொன்பது பேர்

பாக்லிடாக்சலை மனித ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்துடன் சேர்த்து சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கிய ஏபிஐ-007 (பின்னாளில் அப்ராக்ஸேன்) ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் முதல் கட்டச் சோதனைக்கு வந்தது. முடிவுகள் 2002இல் வெளியாயின. முற்றிய திடக்கட்டி உள்ள 19 பேர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, 30 நிமிட டிரிப், முன் மருந்து எதுவும் கிடையாது. அந்தக் கடைசி வரியை எழுதத் துணிச்சல் வேண்டும். பழைய மருந்தில் முன் மருந்தை விட்டால் ஆள் போகலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம் அது. முன் மருந்து கொடுத்துச் சோதித்திருந்தால் ஒவ்வாமை வராதது புது வடிவத்தாலா ஸ்டீராய்டாலா என்று எப்போதுமே தெரிந்திருக்காது. எனவே வேலியைப் பிடுங்கிவிட்டுத்தான் சோதிக்க முடியும். இதுபோன்ற நாளில் அட்ரினலினும் ஆக்சிஜனும் கட்டிலருகே தயாராக இருக்கும். முதல் பத்து நிமிடம் யாரும் நகர மாட்டார்கள்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் உடனடி ஒவ்வாமை வரவில்லை. இங்கேதான் படிப்பவர் நிதானிக்க வேண்டும். 19இல் பூஜ்யம் என்றால் "வராது" என்று பொருளில்லை. பூஜ்யம் வந்தால் 3ஐ ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பார் என்பது புள்ளியியலில் எளிய கைக்கணக்கு. 3ஐ 19ஆல் வகுத்தால் சுமார் 16 சதவீதம். அதாவது, ஆறு பேரில் ஒருவருக்கு வரக்கூடியதாக இருந்தாலும் அந்தப் பத்தொன்பது பேரில் தற்செயலாகத் தப்பியிருக்கலாம். 2005இல் வந்த மூன்றாம் கட்டச் சோதனையில் 229 பேருக்குக் கொடுத்தும் கடும் ஒவ்வாமை வராதபோதுதான் அந்த மேல்வரம்பு 1.3 சதவீதத்துக்கு இறங்கியது. சந்தைக்கு வந்து ஆயிரக்கணக்கானோருக்குப் போன பிறகு அரிதாகக் கடும் ஒவ்வாமை, மரணம் உட்பட, லேபிளில் ஏறவும் செய்தது. முதல் கட்டம் பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டும்.

அளவை ஏற்றும் முறை பெரும்பாலும் மூன்று மூன்று பேராக நடக்கும். ஒரு அளவில் மூவருக்குக் கொடுத்து முதல் சுற்றின் 21 நாளும் பார்ப்பார்கள். யாருக்கும் மோசமான நச்சு இல்லையென்றால் அடுத்த படி. ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அந்தப் படி மூடப்படும், ஒரு படி இறங்கியதுதான் "தாங்கக்கூடிய உச்ச அளவு". எது மோசம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போய்ப் பல நாள் ஏறாமல் நிற்பது, அதோடு காய்ச்சல், பிளேட்லெட் 25,000க்குக் கீழ், ரத்தம் அல்லாத உறுப்புகளில் மூன்றாம் கிரேடு, அதாவது கடுமையான, பாதிப்பு. முற்றிலும் புதிய மருந்தென்றால் விலங்குச் சோதனையின் மிகச் சிறு பங்கிலிருந்து தொடங்கிப் பல படி ஏறுவார்கள். பழைய மருந்தின் புது வடிவத்துக்கு அந்த ஏணி தேவையில்லை. இங்கே அடிப்படி 135. இதில் ஒரு நெருடல் உண்டு. பக்கத்துக் கட்டிடத்தில் பழைய வடிவம் 175இல் கிடைக்கிறபோது, முதலில் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைந்த அளவு. அவர்களுடைய ஒப்புதல் படிவத்தில் இந்த ஒரு வரி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை வைத்தே ஒரு சோதனையின் நேர்மையை எடைபோட்டுவிடலாம்.

ரத்த மாதிரி எடுப்பதும் இந்தக் கட்டத்தின் பாதி வேலை. மருந்து ஏறும் கையிலிருந்து எடுக்கக் கூடாது, மறு கையிலிருந்து எடுக்க வேண்டும். அவசரத்தில் அதே குழாயிலிருந்து இழுத்தால் எந்த மனிதரிடமும் இருக்க முடியாத அளவு எண் வரும், அந்த நோயாளியின் வரைபடம் முழுக்கக் குப்பை. 30 நிமிட டிரிப்பில் உச்ச அளவு டிரிப் முடியும் நொடியில் இருக்கிறது, பிறகு மளமளவென்று இறங்குகிறது. ஐந்து நிமிடம் தாமதித்து எடுத்துவிட்டு, அட்டவணையில் இருக்கும் நேரத்தை எழுதினால் உச்சம் காணாமல் போகும். தாமதித்தது தவறில்லை, கடிகாரம் காட்டிய நேரத்தை எழுதாததுதான் தவறு. இந்தச் சோதனையில் 135 முதல் 300 வரை உச்ச அளவும் மொத்த அளவும் டோஸுக்கு நேர்விகிதமாக ஏறின. குமிழிச் சிறை போய்விட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

375இல் நடந்தது

300 தாண்டி 375க்கு ஏறினார்கள். ஆறு பேர். மூவருக்கு அளவை மேலே ஏற்றவிடாத நச்சு. மூவருக்குமே உணர்வு நரம்பு பாதிப்பு. வாய்ப்புண் இருவருக்கு, கருவிழியின் மேற்பரப்பில் பாதிப்பு இருவருக்கு. ரத்த அணுக்கள் சரிவு லேசானதுதான். படி மூடப்பட்டது, உச்ச அளவு 300.

இந்த நாலு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கிரெமோஃபோர் போனால் நரம்புப் பாதிப்பும் குறையும் என்று நம்ப அப்போது காரணம் இருந்தது. கிரெமோஃபோருக்கே நரம்பைக் கெடுக்கும் குணம் உண்டு என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. அந்தக் கணக்கு மெய்யாகியிருந்தால் மேல்படியில் ரத்த அணுக்கள்தான் முதலில் படுத்திருக்க வேண்டும். படுத்தது நரம்பு. பிறகு 2004இல் சியோலில் இருந்து இன்னொரு முதல் கட்டம் வந்தது. ஜெனக்ஸால்-பிஎம், ஆல்புமின் கிடையாது, பாலிமர் நுண்துளிகள், 21 பேர். 390 வரை ஏறி, அங்கே நரம்புப் பாதிப்பு, தசைவலி, நியூட்ரோஃபில் சரிவு என்று முட்டி, அடுத்த கட்டத்துக்குப் பரிந்துரைத்தது மறுபடி 300. சம்பந்தமே இல்லாத இரண்டு வண்டிகள், இரண்டு நாடுகள், ஒரே எண். நரம்பைப் பொறுத்தவரை பெரும் குற்றவாளி மருந்தேதான் என்று இதைவிட நேராக யாரும் காட்ட முடியாது.

நரம்புப் பாதிப்பை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் இந்த எண்களின் முகம் தெரியும். கால் பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள், அது உதவிக்குத்தான். கிரேடைத் தீர்மானிப்பது கேள்விகள். மதமதப்பு இருக்கிறது, ஆனால் சமைக்க, போன் அழுத்த, காசு எண்ணக் கஷ்டம் என்றால் இரண்டு. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, தானே குளித்து உடுத்த முடியவில்லை என்றால் மூன்று. ஒரு படி மூடுவதா ஏறுவதா என்பது அந்தப் பொத்தானில் தொங்குகிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலோர் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள், குறிப்பாக மருந்து நிறுத்தப்படும் என்று பயப்படுபவர்கள். கேட்கத் தெரிந்த நர்ஸ் அப்படிக் கேட்பதில்லை. ஒரு பொத்தானைக் கையில் கொடுத்துப் போடச் சொல்வார், செருப்பு கழன்றது தெரிந்ததா என்று கேட்பார். கண்ணுக்கும் இதே கதை. "மணல் விழுந்த மாதிரி உறுத்துது" என்ற சொல்லைக் களைப்பென்று ஒதுக்காமல், சாயம் விட்டு விளக்குக் கருவியில் பார்த்தால்தான் கருவிழியின் சிராய்ப்பு தெரியும்.

இன்னொரு ஓட்டையும் இந்த முறைக்கு உண்டு. படி ஏறும் முடிவு பெரும்பாலும் முதல் சுற்றை வைத்து எடுக்கப்படுகிறது. ஆனால் டாக்சேன்களின், அதாவது பாக்லிடாக்சல் வகை மருந்துகளின், நரம்புப் பாதிப்பு கூட்டு வட்டி போல, சுற்றுக்குச் சுற்று ஏறுவது. 300 என்பது முதல் மூன்று வாரம் தாங்கும் அளவு. ஆறு சுற்று தாங்குமா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. 300இல் நடந்த இரண்டாம் கட்டத்தில் 63 பேரில் 11 சதவீதத்தினருக்கு மூன்றாம் கிரேடு நரம்புப் பாதிப்பு. மூன்றாம் கட்டத்துக்கு அளவு 260 ஆக இறங்கியது.

மிச்சம் பிடித்ததைச் செலவழித்தது

அந்த மூன்றாம் கட்டத்தில் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 260 அப்ராக்ஸேனும் 175 டாக்சாலும் மோதின. கட்டி சுருங்கியது அப்ராக்ஸேனில் 33 சதவீதத்தினருக்கு, டாக்சாலில் 19. அதே வரிசையில், நாலாம் கிரேடு நியூட்ரோஃபில் சரிவு 9க்கு எதிராக 22, இது பெரிய வெற்றி. மூன்றாம் கிரேடு நரம்புப் பாதிப்பு 10க்கு எதிராக 2. புது வடிவத்தில் ஐந்து மடங்கு. சிலர் இதை வைத்து அப்ராக்ஸேன் நரம்புக்கு மோசம் என்பார்கள், சிலர் அளவு ஒன்றரை மடங்காயிற்றே என்று வாதாடுவார்கள். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். கரைப்பானை எடுத்ததால் மிச்சமான பாதுகாப்பை நோயாளியின் பையில் போடவில்லை, அளவை ஏற்றி அங்கேயே செலவழித்துவிட்டார்கள். கட்டிக்கு எதிராக அது நல்ல செலவாகவும் இருக்கலாம். அப்படியானால் "பக்க விளைவு கம்மி" என்று சொல்லாமல், "ஒவ்வாமை போனது, ஸ்டீராய்டு போனது, அந்த இடத்தில் கூடுதல் மருந்து வைத்தோம்" என்று சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை தரும் முறையிலும் இதே ஆசை. வாரம் 150 என்று ஏற்றி, வாரம் 90 அளவிலான பழைய பாக்லிடாக்சலுடன் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனை ஒன்றில், நோய் கட்டுக்குள் நின்ற காலம் கூடவில்லை, நச்சு கூடியது. உச்ச அளவே சரியான அளவு என்ற பழக்கத்தை மாற்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021இல்தான் புராஜெக்ட் ஆப்டிமஸ் என்ற முயற்சியைத் தொடங்கியது.

உறை மாறினால் நச்சு இடம் மாறும் என்பதற்கு, நுண்ணிய கொழுப்பு உறையில் அடைத்த கீமோ மருந்தான லிப்போசோம் டாக்சோரூபிசின் இன்னொரு சாட்சி. இதயத்தின் மேல் இருந்த பாரம் குறைந்தது. ஆனால் பல நாள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால், அழுத்தம் விழும் இடங்களில் கசிந்து, உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிந்தன. அங்கே அளவை ஏற்ற முடியவில்லை, இறக்க வேண்டியிருந்தது.

இத்தனையும் சரியாக நடந்தாலும் குப்பியில் கோட்டை விடலாம். பழைய மருந்துக்குப் பழகிய கை, 100 மி.கி. அப்ராக்ஸேன் குப்பியில் 20 மில்லி சலைனை மருந்துக் கட்டியின் மேல் நேராகப் பீய்ச்சும். ஆல்புமின் முட்டை வெள்ளைக்கரு போல நுரைத்துவிடும். குறைந்தது ஒரு நிமிடம் எடுத்து, குப்பியின் உள்சுவரில் வழியவிட வேண்டும். ஐந்து நிமிடம் அசைக்காமல் ஊறவிட்டு, பிறகு இரண்டு நிமிடம் மெதுவாகச் சுழற்ற வேண்டும், குலுக்கக் கூடாது. நுரைத்துவிட்டால் பதினைந்து நிமிடம் வைத்து அடங்கவிடுவது. பால் போல ஒரே சீராக வர வேண்டும், அடியில் கட்டி தெரிந்தால் மறுபடி மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து எடுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் 0.22 மைக்ரான் வடிகட்டியை மாட்டக் கூடாது. இது கரைசல் இல்லை, மிதக்கும் துகள்கள். 1.6 சதுர மீட்டர்காரருக்கு 416 மி.கி., 83.2 மில்லி, ஐந்து குப்பி. இதே ஆளுக்கு "பாக்லிடாக்சல்" என்று மட்டும் சீட்டில் எழுதி, அளவு 416 என்று இருந்து, மருந்தாளுநர் பழைய வடிவத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தராதே என்று அப்ராக்ஸேன் லேபிள் எச்சரித்தது அதனால்தான். நானோக்சல் போன்ற இந்திய நானோ வடிவங்களும் இருக்கும் நம் ஊரில் சீட்டில் வடிவத்தின் பெயரும் இருந்தே ஆக வேண்டும்.

260இல் பொத்தான் போட முடியாமல் போனவருக்கு என்ன செய்வது என்றும் லேபிளில் இருக்கிறது. நிறுத்து, குறையும்வரை காத்திரு. மூன்றாம் கட்டத்தில் பாதிக்கப்பட்ட 24 பேரில் 14 பேருக்குச் சுமார் 22 நாளில் (இடைநிலை அளவு) தேறியது பதிவாகியிருக்கிறது. தேறியதும் 220இல் தொடங்கு. மறுபடி வந்தால் 180.

பழைய டாக்சாலின் அளவு 175.